தொண்டையில் ஒன்றுமில்லை

"கையை எங்கிட்ட விட்டுருங்க அண்ணாச்சி" என்கிறாள் ஜெபசெல்வி. விட்டுவிட்டேன் என்கிறேன். "விடலையே" என்கிறாள். என் வலது கை அவளுடைய இரண்டு கைகளின் மேல் கிடக்கிறது, முழங்கைக்கு அடியில் ஒன்று, மணிக்கட்டுக்கு அடியில் ஒன்று. நான் மல்லாந்து படுத்து ஆஸ்பத்திரி விசிறி சுழலுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கையை நான் தூக்கிப் பிடிக்கவில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். அவள் தன் கைகள் இரண்டையும் மெல்லக் கீழே உருவிக்கொள்கிறாள். என் கை விழவில்லை. அந்தரத்தில் அப்படியே நிற்கிறது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிறவனின் கை மாதிரி. "பாத்தீங்களா?" என்கிறாள். பார்த்தேன். "நீங்க எனக்கு ஒத்தாசை பண்றீங்க. பண்ண வேண்டாம். கனம் பூராவும் எங்கிட்ட குடுங்க." என் மகள் வயசுதான் இருக்கும் இந்தப் பிசியோதெரபிப் பெண்ணுக்கு. அதட்டாமல்தான் சொல்கிறாள், ஆனால் சொந்தக் கையைக் கீழே போடத் தெரியாத ஆம்பிளை என்று ஆகிவிட்டதே என எனக்குக் காது சுடுகிறது. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் கோமதி டீச்சர் முழங்காலுக்கு மெழுகு ஒத்தடம் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், இங்கே பேசுவது ஒன்றுவிடாமல் அவருக்குக் கேட்கும். அதற்கும் அப்பால், ஹாலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் என் வீட்டுக்காரி முப்பிடாதி உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தொண்டையில் புற்று என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தொண்டையில் ஒன்றுமில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கு போங்க என்று சொல்லிவிட்டார். நெஞ்சிலும் ஒன்றுமில்லை, படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. என்னிடம் இருப்பது பயம். அதற்கு அவர்கள் பதட்ட நோய் என்று ஒரு மரியாதையான பேர் வைத்திருக்கிறார்கள், பேர் எப்படி இருந்தாலும் பயம் பயம்தான். நான் கோர்ட்டில் டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை. கேஸ் எடுத்ததும் வாசலுக்கு வந்து கட்சிக்காரன் பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும், அதுதான் வேலை. மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வரவில்லை என்றால் உள்ளே வாரண்டு எழுதிவிடுவார்கள். அதனால் டீக்கடையில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும், கக்கூஸில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும். எனக்கு அந்தத் தொண்டை இருந்தது. வெயிலுமுத்து கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறவன் எழுந்திருப்பான் என்று வக்கீல்கள் கேலி பேசுவார்கள், எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு ஒரு சாதாரண திங்கட்கிழமை. ஏதோ ஒரு சில்லறைக் கேஸ், ஏதோ ஒரு பேர். வாசலுக்கு வந்து வாயைத் திறந்தேன், காற்று வரவில்லை. மேலே வரவேண்டிய மூச்சு கழுத்துக்குக் கீழே பூட்டிக்கொண்டது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது, விரல் நுனி மரத்துப்போனது, எதிரே நின்ற கூட்டமெல்லாம் என்னையே பார்ப்பது தெரிந்தது, செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். சாகவில்லை. உள்ளே இருந்து பெஞ்ச் கிளார்க் சொரிமுத்து எட்டிப் பார்த்து, என்னவே கூப்பிடலியா என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அங்கே ஆரம்பித்தது எல்லாம். நெஞ்சைத் தொட்டிருக்கலாம், வயிற்றைத் தொட்டிருக்கலாம், வாயு என்று ஒரு சோடாவோடு போயிருக்கும். கை தொண்டைக்குத்தான் போனது.

"இப்ப இந்தக் கை" என்று ஜெபசெல்வி அந்தப் பக்கம் வருகிறாள். இடது கையும் அதே கதைதான், அவள் தூக்குவதற்கு முன்னாலேயே நான் தூக்கிக் கொடுத்துவிடுகிறேன். சின்னதாகச் சிரிக்கிறாள். முதல் நாள் வந்தபோது இவள் என்னைச் சும்மா நிற்கச் சொல்லிப் பார்த்தாள். பத்து ஆள் பார்க்கிற இடத்தில் ஒரு ஆள் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோள் ரெண்டும் காதுக்குக் கிட்ட ஏறி நிக்குது, தாடையைக் கடிச்சுட்டு நிக்கீங்க, கால் விரல் தரையைப் பிராண்டுது, மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்னு திரும்பிருது, வயித்துக்கு இறங்கவே இல்ல, என்று அடுக்கினாள். குற்றப்பத்திரிகை வாசித்த மாதிரி இருந்தது. உடம்பு எப்பவும் யாரோ அடிக்க வருகிற மாதிரியே நிற்கிறதாம், அதனால் மனசும் அடி வரும் வரும் என்று நம்பிக்கொண்டே இருக்கிறதாம், மாத்திரை ஒரு பக்கம் வேலை பார்க்கட்டும், உடம்பு வழியாகவும் அதைப் பழக்கலாம் என்றாள். போன தடவை மாடிப்படியில் ஏறி இறங்க வைத்தாள், நெஞ்சு படபடக்கட்டும், பக்கத்துல நான் இருக்கேன், அது பாட்டுக்கு ஏறும், அது பாட்டுக்கு இறங்கும், பாருங்க என்று. இறங்கியது. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. இதையெல்லாம் வீட்டில் போய் ஒருத்தியிடம் சொல்லியிருக்கலாம். இன்னைக்குப் படி ஏறினேன் ஏளா, நெஞ்சு அடிச்சுது, பொறவு நின்னுட்டுது என்று. அவள் புற்று வைத்திருக்கிற புருஷனுக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

நான் புற்று என்று சொல்லவில்லை. இதை எத்தனையோ தடவை எனக்குள்ளேயே வாதாடியாகிவிட்டது. சொரிமுத்துவிடம் தொண்டையில ஏதோ சதை வளருதாம் என்று மட்டும்தான் சொன்னேன், ஏனென்றால் மனநலப் பிரிவுக்கு என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. அங்கே போன அன்றைக்கே துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, பல் வலிக்காரன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சதை என்றதும் சொரிமுத்து முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார். அந்த மனுஷன் சர்வீஸில் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. வேற ஒண்ணும் இல்லியே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது, தலையைக் குனிந்தது. அந்தக் குனிவை அவர் ஊரெல்லாம் கொண்டுபோனார். அதற்கப்புறம் கோர்ட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. என்னை நகல் பிரிவில் விசிறிக்கு அடியில் உட்காரவைத்தார்கள், பெரிய வக்கீல் ஒருவர் தேன் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், எப்போதும் என்னிடம் மல்லுக்கு நிற்கிற காண்டீன்காரன் டீயைப் பாதிச் சூட்டில் ஆற்றிக் கொடுத்தான். புற்று வந்தவனை யாரும் கோழை என்று சொல்வதில்லை. அது எங்கிருந்தோ வந்து ஆளைப் பிடிக்கிற நோய், அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. பயம் அப்படியா? பயந்தவன் என்றால் அவன் ஆளே அப்படித்தான் என்று ஆகிவிடுகிறது. நான் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மறுக்காத சங்கதி ஒப்புக்கொண்ட சங்கதிக்குச் சமம் என்று வக்கீல்கள் வாதாடி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டும் எனக்கு அது உறைக்கவில்லை.

"நாக்கை எங்க வச்சிருக்கீங்க?" என்கிறாள் ஜெபசெல்வி. இது என்ன கேள்வி, வாயில்தான் வைத்திருக்கிறேன். "மேலண்ணத்துல அழுத்திட்டு இருக்கீங்க. கீழ விடுங்க." விடுகிறேன். தாடை தானாகத் திறந்துகொள்கிறது, கேனையன் மாதிரி இருக்குமே என்று உடனே மூடிக்கொள்கிறேன். "திறந்தே இருக்கட்டும், யாரும் பாக்கல" என்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல், அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பிடாதிக்கு விஷயம் போனது ஒரு கல்யாண வீட்டில். பந்தியில் சொரிமுத்துவின் வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மனச விட்டுராதீங்கக்கா, இப்பல்லாம் எவ்வளவோ மருந்து வந்துட்டுது என்றிருக்கிறாள். முப்பிடாதி பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் குழம்பில் மிளகாய் இல்லை. அதற்கு மறுநாள் சோறு குழைந்திருந்தது, அப்புறம் எல்லாமே கஞ்சியும் மசித்த காய்கறியும். என்ன இது பச்சப்பிள்ளைச் சாப்பாடு என்று எரிந்து விழுந்தேன். தொண்டைக்கு இதமா இருக்கும், சாப்பிடுங்க என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கோர்ட் வாசலில் பூட்டிக்கொண்ட அதே பூட்டு. கஞ்சியைக் குடித்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுகிற சத்தம் கேட்டது, வாளி நிறைந்து வழிந்து சாக்கடையில் போகிற மட்டும் அழுதாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இப்போது ஜெபசெல்வி என் வயிற்றில் ஒரு கை வைக்கிறாள், நெஞ்சில் ஒரு கை. "நெஞ்சுக் கை அசையக்கூடாது, வயித்துக் கை மட்டும் மேல வரட்டும். மூச்சை இழுக்க வேண்டாம், வெளிய விடுறதுதான் முக்கியம். நீளமா விடுங்க, உள்ள வர்றது தானா வரும்." விடுகிறேன். நெஞ்சுக் கைதான் ஏறுகிறது. மறுபடி. நெஞ்சுக் கை. வயிறு பாறை மாதிரி கிடக்கிறது, இந்த வயிற்றுக்குள் என்னத்தைத்தான் இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறேன். முப்பிடாதிக்குச் சர்க்கரை உண்டு. எனக்குத் தெரியும், மாத்திரை வாங்கிக் கொடுப்பதே நான்தான். தெரிந்தும் அவள் செவ்வாயும் வெள்ளியும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அம்மனுக்கு விரதம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எதுக்கு ஏளா இது என்று ஒரு தடவை கேட்டேன், தெரியாத மாதிரி. சும்மாதான், பிள்ளைக்கு நல்லபடியா பேறுகாலம் ஆகணும்லா என்று மகள் பேரைச் சொன்னாள். நான் அவளிடம் மறைக்கிறேன், அவள் தனக்குத் தெரிந்துவிட்டது என்பதை என்னிடம் மறைக்கிறாள், ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோமாம். நல்ல குடித்தனம். போன வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டாள். குடம் உருண்டு எதிர்வீட்டுப் படி வரைக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள், நெற்றியில் புடைத்திருந்தது, நான் சீனித் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா, நீங்க குனியாதிய, கழுத்து வலிக்கும் என்றாள். அப்பவும் நான் சொல்லவில்லை. அதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும். பயம் எனக்கு ஒரு நோய் என்றே வைத்துக்கொள்வோம், டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், சரி. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததை எந்த நோயில் சேர்ப்பது.

"வந்துட்டுது, வந்துட்டுது, வயித்துக் கை அசையுது பாருங்க" என்கிறாள். அசைந்ததா? எனக்குத் தெரியவில்லை. கண்ணோரத்தில் ஈரம் இறங்கிக் காதுக்குள் போகிறது, துடைத்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிடுகிறேன். முப்பிடாதியை வீட்டில் தனியாக விடக்கூடாது என்று மகள் உலகு தூத்துக்குடியிலிருந்து போனில் சண்டை போட்டதால்தான் இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, காற்று படக்கூடாது என்று ஷட்டரைப் போட்டுவிட்டு, தன் சேலைத் தலைப்பை என் கழுத்தில் சுற்றினாள். புற்றுக்கு எதற்கு முட்டிவலிக்காரர்கள் படுக்கிற ஹாலில் வைத்தியம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரன் பக்கத்தில் நின்றபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இங்க பாரு, எனக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. இவ்வளவுதான், இதைச் சொல்ல என்ன கேடு. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அப்ப என்னதான் செய்யுது உங்களுக்கு. அதற்கு என்ன சொல்ல. ஆளுகளைப் பார்த்தால் பயமா இருக்கு. வாயைத் திறக்கப் பயமா இருக்கு. காரணமில்லாம பயமா இருக்கு. முப்பது வருஷமாக என்னை ஒரு ஆம்பிளை என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறவளிடம் இதையா சொல்வது? அவள் அண்ணன்மார் ராணுவத்தில் இருந்தவர்கள், திருவிழாவுக்கு வந்தால் எங்க மச்சான் தொண்டை இருக்கே என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இளநீரை ஸ்ட்ரா போட்டு அவளே என் வாய்க்கு நீட்டினாள். குடித்தேன்.

பயந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு வேடிக்கைதான். கோர்ட் வேப்பமரத்தடியில் நிற்பார்களே, வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, எப்போது கூப்பிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு. பேர் காதில் விழுந்ததும் ஒரு தூக்கிவாரிப் போடும், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவருவார்கள். எனக்கு அதில் ஒரு குஷி உண்டு. பேரின் கடைசியைக் கொஞ்சம் இழுத்து விடுவேன், சாமியாடிக்குக் கொட்டு அடிக்கிற மாதிரி. இப்போது யார் என் பேரைக் கூப்பிட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. போன் அடித்தால் போடுகிறது, கதவு தட்டினால் போடுகிறது. "இப்ப மூச்சை விடும்போது கூடவே ம்ம்னு ஒரு சத்தம்" என்கிறாள் ஜெபசெல்வி. வாயை மூடிக்கொண்டு முனகச் சொல்கிறாள், சத்தம் நெஞ்செலும்பில் அதிர வேண்டுமாம், அவள் விரலை வைத்துப் பார்க்கிறாள். முனகுகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் கோமதி டீச்சர் பாட்டு வாத்தியார் புதுசா என்று யாரிடமோ கேட்கிறார். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கிறது. "டீச்சர், உங்க முட்டியை மட்டும் பாருங்க" என்று ஜெபசெல்வி சத்தம் போடுகிறாள், டீச்சர் சிரிக்கிறார், இவளும் சிரிக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன, தோள் ஏறிவிட்டது. "தோள்" என்கிறாள். இறக்குகிறேன். "தாடை." இறக்குகிறேன். முனகல் கொஞ்சம் நீளமாக வருகிறது, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வருகிறது, கிணற்றுக்குள் வாளி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், இது என் சத்தம்தானா.

உட்கார வைக்கிறாள். பாதம் இரண்டும் தரையில் படட்டும் என்கிறாள், தரை ஜில்லென்று இருக்கிறது. "அடுத்த வாரம் பழையபடி கோர்ட் வாசல்ல நிக்கணும்னீங்கல்லா. இப்ப ஒரு தடவை கூப்பிட்டுப் பாப்போமா? அங்க கூப்பிடுற மாதிரியே." நான் பதறிவிட்டேன். "இங்கயா?" என்கிறேன். "இங்கதான். நான் நிக்கேன்ல." வேண்டாம் மேடம், ஆட்கள் இருக்காங்க என்கிறேன். "ஆளுக இருக்கதாலதான்" என்கிறாள். "யார் பேரை?" என்று கேட்டபோதே நான் பாதி ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "யார் பேரோ. உங்களுக்கா பேருக்குப் பஞ்சம்?" பேருக்குப் பஞ்சமில்லை, வாயில் வருகிற பேரெல்லாம் நிஜ ஆட்கள் பேராக இருக்கிறது, அவர்கள் கேஸோடு வருகிறார்கள், கோழி திருடினவன், ஜாமீன் போட்டவன், பொண்டாட்டியை அடித்தவன். மாடசாமி என்று வைத்துக்கொள்வோம், எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு மாடசாமி, யாருக்கும் பாதகமில்லை. மூச்சை விடுகிறேன். வாயைத் திறக்கிறேன். மாடசாமி என்கிறேன், அது பக்கத்தில் நிற்கிறவனை ரகசியமாகக் கூப்பிட்டது மாதிரி இருக்கிறது. நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. விரல் நுனி மரக்கிறது, வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது. "அடிக்கட்டும்" என்கிறாள் ஜெபசெல்வி, என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. "மாடிப்படில அடிச்ச அதே நெஞ்சுதான். தோளை மட்டும் விடுங்க. ரெண்டாவது." மாடசாமி. இது கொஞ்சம் தேவலை, சுவர் வரைக்கும் போயிருக்கும். ஹாலில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் கேட்கிறார்கள். இந்தக் கிறுக்கன் ஏன் கத்துகிறான் என்று கேட்கிறார்கள். "சார், எனக்குக் கேக்கல" என்று திரைக்குப் பின்னாலிருந்து கோமதி டீச்சர் சொல்கிறார், கடைசி பெஞ்சுப் பையனிடம் சொல்கிற குரலில். எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கோபம் வந்த நேரத்தில் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்றாவது கூப்பாட்டுக்கு நான் மூச்சை இழுக்கவே இல்லை, அது தானாக உள்ளே வந்து வயிறு வரைக்கும் இறங்கி நின்றது.

"மாடசாமீ...ஈ!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கோ ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். கடைசியை இழுத்துக்கூட விட்டேன், பழைய பழக்கம், தானாக வந்துவிட்டது. ஜெபசெல்வி கை தட்டுகிறாள், டீச்சர் ஆஜர் ஐயா என்கிறார், எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது, எத்தனை மாசமாயிற்று. அப்போதுதான் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கிறது, ஓடிவருகிற செருப்புச் சத்தம். எனக்கு உறைத்துவிட்டது. அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன். தொண்டையில் புற்று வைத்திருக்கிறவன் இப்படிக் கூப்பிட முடியாது. முப்பிடாதி பச்சைத் திரையை ஒரே இழுப்பில் விலக்கிக்கொண்டு நிற்கிறாள், நெற்றியில் போன வெள்ளிக்கிழமைப் புடைப்பு இன்னும் மஞ்சளாக இருக்கிறது. "இப்ப கூப்பிட்டது நீங்களா?" என்கிறாள். நான் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறேன். "நீங்களான்னு கேக்கேன்ல?" ஜெபசெல்விக்கு ஒன்றும் தெரியாது பாவம், அவள் சந்தோஷமாகச் சொல்கிறாள், "அவருதாம்மா. அருமையா வந்துட்டுது சத்தம்." முப்பிடாதி அவள் பக்கம் திரும்புகிறாள். "அப்ப அந்தத் தொண்டைல இருந்த கட்டி?" "கட்டியா? தொண்டைல ஒண்ணும் இல்லியேம்மா. அவருக்குப் பதட்டந்தான். பயம். அதுக்குத்தான் இங்க வாராரு." ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, வெளிச்சமான காலை நேரத்தில், அவ்வளவு சாதாரணமாக.

முப்பிடாதி என் பக்கம் திரும்புகிறாள். நான் அடிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாள் என் வயித்துல நெருப்பைக் கட்டி வச்சீரே நீர் மனுஷனா என்று கேட்டால் கேட்கட்டும், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனால் போகட்டும். "பயமா?" என்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன். "பயந்தானா?" ஆமா என்கிறேன், சத்தம் வருகிறது, இப்போது பார்த்து நன்றாக வருகிறது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். மயங்கிவிட்டாளோ என்று ஜெபசெல்வி குனிகிறாள். மயக்கமில்லை, என் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுகிறாள், அழுகைக்கு நடுவில் சிரிக்கவும் செய்கிறாள், தாயே தாயே என்று அம்மனைக் கூப்பிடுகிறாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கோமதி டீச்சரைப் பார்த்துச் சொல்கிறாள், முன்பின் தெரியாத ஒருத்தியிடம், "பயமாம்க்கா! ஒரு நோயும் இல்லயாம், பயந்தானாம்!" "நல்லதும்மா, நல்லது" என்கிறார் டீச்சர், மெழுகுக் காலை நீட்டியபடியே. அதோடு விட்டாளா, மடியிலிருந்து போனை எடுக்கிறாள், மகளுக்குப் போடுகிறாள், ஸ்பீக்கரை வேறு போடுகிறாள். "உலகு, அப்பாக்குப் புத்து இல்லட்டீ, பயம்! ஆமா, பயந்தான், வேற ஒண்ணும் இல்ல, டாக்டர்மா என் முகத்தப் பாத்துச் சொல்லிட்டாக. நீ மாமாமாருக்கெல்லாம் உடனே சொல்லிரு. சொரிமுத்து வீட்டுக்கும் நானே சொல்லுதேன்." அந்தப் பக்கம் மகள் வெடித்து அழுகிற சத்தம் வருகிறது, அப்பா அப்பா என்கிறாள். இத்தனை மாசம் நான் உயிரைக் கொடுத்து மறைத்து வைத்திருந்ததைப் பிள்ளை பிறந்த சேதி மாதிரி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் இவள். எழுந்து அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருக்கிறது. கூனிக் குறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அடுத்த நம்பரைப் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "என்னங்க, சொரிமுத்து வீட்டு நம்பர் இதுதான?" என்று என்னிடம் நீட்டுகிறாள். அதுதான் என்கிறேன்.